காலி எடை

உங்கள் டோக்கன் எத்தனை? பதினேழா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது, உட்காருங்கள். என்னுடையது பதினொன்று. உள்ளே ஒரு நாய்க்குக் காலில் கட்டுப் பிரிக்கிறார்கள். அது கத்துகிற கத்தலைப் பார்த்தால் அரை மணி நேரம் ஆகும். துண்டுக்குள் என்ன, குட்டியா? இந்தக் கூடைப் பக்கம் வைக்கலாம், பயமில்லை. இவன் ஒன்றும் செய்யமாட்டான். ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும். நான் எட்டரை வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பூனைதான். குனிந்து நன்றாகப் பாருங்கள், எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். போன மாதம் ஆட்டோக்காரர், கூடைக்குள் ஆட்டுக்குட்டியா என்று கேட்டார். இது வெளிநாட்டு ஜாதி, பெரிய ஜாதி. மகள் பெங்களூரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரருடைய சிநேகிதர் யாரோ வெளிநாடு போகும்போது கொண்டுபோக முடியாமல் விட்டுவிட்டுப் போனது. மகள் இங்கே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டாள். அன்றைக்கே உள்ளங்கையில் அடங்காது. முதல் நாள் கூடத்தின் நடுவில் நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு, மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்பினான். வல்லி சொன்னாள், "ஆத்தாடி, ஹார்பருக்குள்ள கப்பல் திரும்புற மாதிரில்லா திரும்புதான்." அன்றிலிருந்து பெயர் கப்பல்.

வல்லி என் மனைவி. செண்பகவல்லி. போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

கூட வந்த அம்மாவா? அவர் வல்லி இல்லை என்றுதான் சொல்கிறேனே. அவர் ஜெசிந்தா டீச்சர், எதிர் வீடு. எங்கள் மாடியில் இரண்டே வீடுதான், நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார், இறக்கிவிட்டு எங்கேயோ போயிருக்கிறார். இதோ வருகிறேன் என்றார். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவர் முன்னால் சொன்னால் திருத்துவார். அவருக்கு எல்லாவற்றையும் திருத்த வேண்டும். டீச்சர் என்று பெயரே தவிர, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் இல்லை. கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பைக் கிராம் கிராமாக நிறுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்த கை.

நானும் எடைக்காரன்தான். ஆனால் டன் கணக்கு. முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் இருந்தேன். உப்பு லாரி, நிலக்கரி லாரி, மரத்தடி லாரி, எல்லாம் என் மேடையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். லாரி காலியாக ஒரு தடவை ஏறும், சரக்கோடு ஒரு தடவை ஏறும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு எடை. பெரிய கணக்கு இல்லை. ஆனால் அந்தக் காலி எடையில்தான் எல்லாத் தில்லுமுல்லும் இருக்கும். கதவில் காலி எடை இவ்வளவு என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். டிரைவர் அதைக் காட்டி, "அண்ணாச்சி, அதான் எழுதியிருக்குல்லா, அதைப் போட்டுக்கிடுங்க" என்பான். நான் விடமாட்டேன். "பெயின்ட் பேசாதுடே, வண்டி பேசட்டும், காலியா ஏத்து" என்பேன். டயர் மாற்றியிருப்பான், பாடி மாற்றியிருப்பான், பழைய எழுத்து அப்படியே இருக்கும். என்னை ஏமாற்றின டிரைவர் கிடையாது. அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வல்லி இருந்தவரைக்கும் கப்பல் என்னைச் சட்டை செய்ததில்லை. நான் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பூனை மேல் பொறாமைப்பட நான் என்ன கிறுக்கனா? உள்ளதைச் சொல்கிறேன். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், "வந்துட்டியளா" என்று ஒரு வார்த்தை வரும், அடுப்பங்கரையிலிருந்து. அவ்வளவுதான். அவனிடம் மட்டும் நாள் பூராவும் பேச்சு. "ஏ கப்பலு, சாளை மீனு வந்திருக்குடே, உனக்கு நாலு எடுத்து வச்சிருக்கேன்." "ஏ கப்பலு, அந்தத் திண்டுல ஏறாத, மழை வருது." எனக்குக் குழம்பில் உப்புப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வரும். அவனுக்கு உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, ஆறவைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைப்பாள். அந்தக் கிண்ணத்துக்கு மேல் ஒரு துண்டு போகாது. அவன் காலைச் சுற்றிக் கத்தினாலும் போகாது. "பெரிய உடம்பு, வீட்டுக்குள்ளயே கெடக்க உடம்பு, கூடிச்சுன்னா எறக்க முடியாது" என்பாள்.

மாதம் ஒன்றாம் தேதி அவனை நிறுத்துப் பார்ப்பது மட்டும் என் வேலை. அதை அவள் எனக்கு விட்டுக் கொடுத்திருந்தாள். பூனை தராசில் நிற்காது. அதனால் எடைமேடை முறைதான். நான் லாரி, அவன் சரக்கு. அவனைத் தூக்கிக்கொண்டு நான் தராசில் ஏறுவேன். வந்த எடையிலிருந்து என் எடையைக் கழித்தால் கப்பல். தராசு வைத்திருந்த மூலைச் சுவரில் நானே எழுதி வைத்தேன், கறுப்பு மையில், லாரிக் கதவில் எழுதுகிற மாதிரி: காலி எடை 68. வல்லி அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுக்காரர் எடையைச் சுவத்துல எழுதி வச்சிருக்க வீடு நம்ம வீடு ஒண்ணுதான்" என்றாள். கப்பல் எட்டுக் கிலோ இருப்பான். ஏழே முக்கால், எட்டு, அதற்குள்தான். இந்த ஜாதிக்கு அது சரியான எடை.

அப்புறம் வல்லி படுத்துவிட்டாள்.

அதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். கடைசி வாரம் ஒரு நாள். நான் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். உள்ளே டீச்சர் அவள் கட்டில் பக்கத்தில் இருக்கிறார். வல்லி சொல்கிறாள், குரலே இல்லை, ஆனால் என் காதில் விழுந்தது. "அவுகளுக்கு அளவு தெரியாது ஜெசிந்தா. டன் கணக்குல போட்டுப் பழகுன ஆளு. நீ பாத்துக்கோ."

நீ பார்த்துக்கோ. என்னிடம் சொல்லவில்லை. ஏழு வருஷம் ஒன்றாம் தேதி தவறாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினவன் நான். எனக்கு அளவு தெரியாதாம். பூனையை எதிர் வீட்டுக்காரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டு வந்தேன். வல்லியிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இன்னும் நாலு நாள் இருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து, மகளும் போன பிறகு, வீட்டில் நானும் இவனும். முதல் பத்து நாள் இவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. தானாகச் சோறு தண்ணீர் தொடவில்லை. நான் தரையில் படுத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, மீனை ஊட்டினேன். பதினோராவது நாள் வந்தான். வந்து என் காலில் ஒரு தடவை முதுகைத் தேய்த்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவை. நான் ஒரு முழு வாளை மீனை அவித்து வைத்தேன். வேறு என்ன செய்வான் மனுஷன்?

அதிலிருந்து நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் பாக்கெட் தீனி, தட்டு நிறைய. மத்தியானம் மீன். சாயங்காலம் கொஞ்சம் கோழி. நடுவில் கத்தினால் ஒரு கை. வல்லி வைத்திருந்த சின்னக் கிண்ணம் எனக்குக் கழுவத் தோதுப்படவில்லை, சாப்பாட்டுத் தட்டையே வைத்துவிட்டேன். அவன் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தின்று முடித்து என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்கென்ன, காலையில் டீயும் ரொட்டியும். அவனுக்கு மீன் அவித்த பிறகு எனக்கென்று திரும்ப அடுப்புப் பற்றவைக்கத் தோன்றாது. மோரை ஊற்றிக் கொஞ்சம் சோறு. ஒரு ஆளுக்கு என்ன குழம்பு வேண்டிக் கிடக்கிறது.

ஆனால் மணி மூன்று அடித்தால் போதும். இவன் எழுந்து வாசல் கதவுக்குப் போவான். கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு கத்தல். திறந்துவிட்டால் நடையைத் தாண்டி நேரே டீச்சர் வீடு. மாடிப்படிப் பக்கம் திரும்பமாட்டான், வெளியே போகிற பழக்கமே கிடையாது. நடையில் பத்தே அடி. என் தட்டில் தின்றவன், என் கட்டிலில் படுத்தவன், ஐந்து மணிக்குத்தான் திரும்பி வருவான்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? எங்கள் வீட்டு ஜன்னலும் அவர் வீட்டு ஜன்னலும் எதிரெதிர். நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. பேப்பர் படிக்கும்போது தெரிந்தது. முட்டை வாங்குகிற அட்டை இருக்கிறதல்லவா, குழி குழியாக, அதைத் தரையில் வைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு தீனி மணியைப் போட்டிருக்கிறார். இவன் காலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுக்கிறான். ஒன்றை எடுத்தால் அடுத்த குழி. அப்புறம் ஒரு நூலில் காகிதத்தைக் கட்டி அந்த அறைக்கும் இந்த அறைக்கும் இழுக்கிறார், அறுபது வயசில், இவன் பின்னால் ஓடுகிறான். என் வீட்டில் தட்டில் மலையாகக் குவித்து வைத்தால் படுத்தபடி தின்கிறவன், அங்கே ஒரே ஒரு தீனி மணிக்காக ஓடுகிறான். பிச்சையெடுக்க வைத்துவிட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால், அவன் அதைச் சந்தோஷமாகச் செய்தான் பாருங்கள், அதற்குத்தான்.

அதற்குப் பிறகு நானும் விடவில்லை. இரண்டே முக்காலுக்கு இன்னொரு தட்டு வைத்தேன். வயிறு நிறைந்தால் ஏன் போகப்போகிறான்? தின்றான். தின்றுவிட்டுப் போனான்.

ஒரு நாள் டீச்சர் வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்க டீச்சர்."

"கப்பலுக்கு உடம்பு கூடுது. எங்கிட்ட விளையாடும்போது ரெண்டு சுத்து ஓடினாலே வாயைத் திறந்து இளைக்கான். நீங்க எவ்வளவு போடுதியன்னு ஒரு நாளைக்கு நிறுத்துப் பாத்தா…"

"கூடுதா? யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுதே."

"பாக்கது வேற, நிறுக்கது வேற. டீச்சர், நான் எடைக்காரன். போன மாசம் ஏழு இருநூறு. இந்த மாசம் ஆறு எழுநூறு. உடம்பு இறங்குது. எறங்காம என்ன செய்யும்? மத்தியானம் பூரா நூலைக் கட்டி இழுத்தா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் விடவில்லை. "அண்ணாச்சி, தூக்கிப் பாத்தியளா? எனக்குத் தூக்க முடியலையே."

"அதெல்லாம் முடி" என்றேன். "முடி கூடியிருக்கு."

என்னை இப்படிப் பார்த்தார். அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். "நீங்க சாப்டியளா?" என்றார். பேச்சை மாற்றுகிறாராம்.

நான் பொய் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி நிறுத்தேன். சுவரிலிருக்கிற அறுபத்தெட்டைக் கழித்தேன். எட்டு. ஏழரை. ஏழு இருநூறு. ஆறு எழுநூறு. இறங்கிக்கொண்டே போகிறது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வல்லியும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். இவனும் போய்விட்டால் அந்த வீட்டில் மூச்சு விடுகிற சத்தம் என்னுடையது மட்டும்தான். அதனால் இன்னும் கொஞ்சம் போட்டேன். வேறு வழி? தூக்கும்போது கனமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எனக்கு வயசாகிறது, கை தளர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் எல்லாமே கனம். தண்ணீர்க் குடம் கனம், அரிசிப் பை கனம். சலவைக்காரர் சட்டைகளை எல்லாம் இழுத்துத் தொளதொளவென்று ஆக்கிவைத்திருந்தார். கைக்கடிகாரம் முழங்கை வரை ஓடியது, ஸ்ட்ராப் நைந்து நீண்டுவிட்டது. வேட்டி கட்டுகிறவனுக்கு இடுப்பு அளவு தெரியவா போகிறது? இழுத்துக் கட்டினால் நிற்கும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? ஆங், பயம்.

மதியம் கதவைப் பூட்டிப் பார்த்தேன். மூன்று மணிக்குக் கதவடியில் உட்கார்ந்தான். ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நடையில் டீச்சர் செருப்புச் சத்தம் கேட்டால் காது மட்டும் திரும்பும். நான் கூப்பிட்டால் அந்தக் காது திரும்பாது. மூன்று நாள் அப்படி. நாலாவது நாள் நானே திறந்துவிட்டேன். திறந்துவிட்டு, "போ, அங்கேயே போய் இருந்துக்கோ" என்றேன். அவன் போனான்.

பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலில் ஏறப் பார்த்தான், ஏற முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் மெத்தையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், பின்பக்கம் வரவில்லை. அன்றைக்கு ஒன்றாம் தேதி இல்லை, ஆனாலும் நிறுத்தேன். தராசில் எழுபத்து மூன்று தொள்ளாயிரம். அறுபத்தெட்டுப் போனால் ஐந்து தொள்ளாயிரம். எட்டுக் கிலோ பூனை, ஐந்து தொள்ளாயிரம்! நேரே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், கிளம்புங்க."

"எங்க அண்ணாச்சி?"

"டாக்டர்கிட்ட. உங்க வைத்தியத்துல என் பூனைக்குக் காலு வரல. நீங்களே வந்து டாக்டர்கிட்டச் சொல்லுங்க, என்னென்ன செஞ்சியன்னு."

மறுபேச்சுப் பேசாமல் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். கூடையை அவர்தான் மாடிப்படியில் இறக்கினார். எனக்கு மூச்சு வாங்கியது.

இதே இடம்தான். இதே பெஞ்சு. உள்ளே சின்ன வயசு டாக்டரம்மா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெலிகிறான் டாக்டர், மாசாமாசம் மெலிகிறான், பட்டினி போட்டு ஓடவைக்கிறார்கள் என்று, டீச்சரைக் கையைக் காட்டியே சொன்னேன். டாக்டரம்மா கூடையைத் திறந்தார். திறந்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இவன் விலாவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி அழுத்தித் தேடினார். "விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும் சார். தடவினாலே தட்டுப்படணும். நான் தேடிக்கிட்டே இருக்கேன்" என்றார். இவனை அப்படியே அந்த வட்டத் தராசில் உட்காரவைத்தார். அசையாமல் உட்கார்ந்தான், அசைய முடிந்தால்தானே.

பதினொன்று எண்ணூறு.

"தராசு தப்பு" என்றேன்.

"காலையிலதான் சார் சரிபார்த்தோம்."

"அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில இருந்தவன். காலையில நிறுத்தேன். நானும் இவனும் எழுபத்து மூணு தொள்ளாயிரம். நான் அறுபத்தெட்டு. கழிச்சுப் பாருங்க."

டாக்டரம்மா கழிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முதல் தடவையாகப் பேசினார். ரொம்ப மெதுவாக. "அண்ணாச்சி, காலியா ஒரு தடவை ஏறுங்களேன்."

அந்த மூலையில் பெரிய நாய்களை நிறுத்துகிற மேடை இருக்கிறது, உள்ளே போனால் பாருங்கள், தரையோடு தரையாக, எங்கள் எடைமேடையின் குட்டி மாதிரி. எனக்குக் கோபம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். நான் முள்ளைப் பார்க்கவில்லை, நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் இல்லை, இப்போதெல்லாம் எண் வருகிறது. டீச்சர்தான் படித்தார், லேபில் படிக்கிற மாதிரி. "அறுபத்து ரெண்டு. நூறு."

நானே கழித்தேன். எழுபத்து மூன்று தொள்ளாயிரத்தில் அறுபத்திரண்டு நூறு போனால், பதினொன்று எண்ணூறு. கிராம் பிசகவில்லை. வீட்டுத் தராசும் சரி, அந்தத் தராசும் சரி. சுவரில் எழுதியிருந்ததுதான் பழசு.

முப்பத்தொரு வருஷம். எத்தனை டிரைவரிடம் சொல்லியிருப்பேன். நான் என்ன லாரியா, பாடி மாற்றுவதற்கு என்று நினைத்துவிட்டேன். அந்த மேடையிலிருந்து எனக்கு இறங்கத் தெரியவில்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். மாட்டு டாக்டருக்குப் படித்த பிள்ளை, என் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல ஒரு மனுஷ டாக்டரைப் பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். ஒரு நோவும் இல்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் கூடை நடுவில், நான் இந்தப் பக்கம், டீச்சர் அந்தப் பக்கம். நான் சொன்னேன், "வல்லி சொன்னது சரிதான். எனக்கு அளவு தெரியாதுன்னு உங்ககிட்டச் சொன்னாள்ல. கப்பலைப் பாத்துக்கோன்னு சொன்னாள்ல. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துக்கோன்னாக" என்றார். "கப்பலைன்னு சொல்லல."

வேறு யாரை என்று நான் கேட்கவில்லை. ஆட்டோச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

அதிலிருந்து அளவுதான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். இவனைத் திடீரென்று பட்டினி போடக்கூடாதாம், இவ்வளவு பெரிய உடம்பு திடீரென்று தீனியை நிறுத்தினால் ஈரல் கெட்டுப்போகுமாம். மெதுவாக, வாரத்துக்கு நூறு கிராம் போல இறங்க வேண்டும். பாக்கெட் தீனியைக் குறைத்து, அவித்த மீனும் கோழியும் அளந்து, நாலு வேளையாகப் பிரித்து. தட்டு எப்போதும் நிறைந்திருக்கக்கூடாது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட தராசு ஒன்று வைத்திருக்கிறார், பித்தளைத் தட்டு. அதில் நிறுத்து நாலு டப்பாவில் போட்டு, என் பங்கு இரண்டைக் காலையில் ஒரு பையில் வைத்து என் கதவில் மாட்டிவிடுவார். இரண்டு வேளை என் வீடு, இரண்டு வேளை அவர் வீடு. முட்டை அட்டை எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் குழியில் போட்டால் இவன் முதலில் என்னைப் பார்த்தான், "நீயுமா?" என்கிற மாதிரி. இப்போது தோண்டுகிறான். என் வீட்டிலும் தோண்டுகிறான்.

அந்த டப்பாவோடு அஞ்சாவதாக ஒரு டப்பா வரும். அது எனக்கு. அதை அவர் நிறுப்பதில்லை. அதற்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து எடை பார்ப்பார். இப்போது தனித்தனியாக. முதலில் நான் காலியாக ஏறவேண்டும், அப்புறம் இவனோடு. சுவரில் இருந்த அறுபத்தெட்டை நான் சுண்ணாம்பு வைத்து அழித்துவிட்டேன். டீச்சர் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதுகிறார், ஒன்றில் இவன், ஒன்றில் நான். மூன்று மாதத்தில் இவன் பத்து அறுநூறு. நான் அறுபத்து நாலரை. ஒருத்தன் இறங்க வேண்டும், ஒருத்தன் ஏற வேண்டும். இரண்டும் நடக்கிறது. கட்டிலில் ஒரே தாவாக ஏறிவிட்டான், போன வியாழக்கிழமை.

நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன், உங்களிடம் சொல்லலாம். இவன் நூறு கிராம் இறங்கினால், "ஏ கப்பலு, ராசா, எஞ்செல்லம்" என்று தலையைத் தடவி, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, அது ஒரு கால் மணி நேரம். நான் அரைக் கிலோ ஏறினால் "நல்லது அண்ணாச்சி" என்று எழுதிவிட்டுப் பேனா மூடியை மாட்டிவிடுவார். அரைக் கிலோ! இந்த வயசில் அரைக் கிலோ ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இவனுக்கு என்ன கஷ்டம், கொடுத்ததைத் தின்கிறான், கொடுக்காததைத் தின்னவில்லை. நான் அவர் வைத்த கொழுக்கட்டையை, பிடிக்காத சுரைக்காயை, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல்… சரி, விடுங்கள். குறை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.

அதோ வந்துவிட்டார். அந்த நீலச் சேலை. கையில் இலைப் பொட்டலம் தெரிகிறதா? பதினொரு மணிக்கு நான் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று என்னைப் பார்த்த டாக்டர் சொன்னதாக இவர் சொல்கிறார். அந்த டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இட்லியாகத்தான் இருக்கும், இந்த வெயிலில் அந்தக் கடை வரைக்கும் போய் வந்திருக்கிறார். நான் சொன்னது எதையும் அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாக இருக்கட்டும்.

வாங்க டீச்சர். இன்னும் கூப்பிடல. இல்ல, பசியெல்லாம் இல்ல. ஆறிப்போனாலும் பரவால்ல, மெதுவா…

பார்த்தீர்களா? பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, நேரே கூடையைத்தான் திறக்கிறார்.